‘அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்’: பிறர் நலனை முன்வைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் சபை மக்களும் பங்கு மக்களும் போதகரிடமும் பங்குத் தந்தையிடமும், அதைவிட அதிகமாக ஆராதனை முடிந்து வாசலில் நின்று ஒருவருக்கொருவரும் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இவை. வேத வசனங்கள் ‘பழைய திருப்புதல்’ என்ற தமிழ் மொழிபெயர்ப்பின்படி தரப்பட்டுள்ளன.

“பிறருக்கானவைகளையும் நோக்குவானாக” என்று பவுல் எழுதியது எந்தச் சூழ்நிலையில்?

பிலிப்பியர் 2:3-4: “ஒன்றையும் வாதினாலாவது வீண்பெருமையினாலாவது செய்யாமல், மனத்தாழ்மையினாலே ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணக்கடவீர்கள். அவனவன் தனக்கானவைகளையல்ல, பிறருக்கானவைகளையும் நோக்குவானாக.” பவுல் இதைக் காவலில் இருந்தபடி எழுதினார். பெற்றுக்கொண்டது சண்டை நடந்துகொண்டிருந்த ஒரு சபை. எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரு பெண்கள் ஒத்துப்போகவில்லை. இருவருமே சுவிசேஷ ஊழியத்தில் அவரோடு சேர்ந்து உழைத்தவர்கள். 4-ஆம் அதிகாரத்தில் பெயரைச் சொல்லியே புத்தி சொல்கிறார்.

ஆக, இந்த வசனத்தைப் பொதுவான நல்லெண்ண வாசகமாகச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதில் பயன் குறைவு. பாடகர் குழுவில் யார் சோலோ பாடுவது, அசன (சபை விருந்து) வேலையை யார் பொறுப்பில் விடுவது, கமிட்டியில் யார் பேச்சு எடுபடுவது என்ற இடங்களில்தான் அது வேலை செய்ய வேண்டும். அடுத்த வசனங்களிலேயே கிறிஸ்து தம்மை வெறுமையாக்கி அடிமையின் ரூபமெடுத்ததைக் காட்டுகிறார். அளவுகோல் அது.

அப்படியென்றால் என்னையே வெறுத்துக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். “உன்னிடத்தில் நீ அன்புகூருவதுபோல” பிறனிடத்தில் அன்புகூரச் சொல்கிறது கற்பனை. சர்க்கரை மாத்திரையைத் தவறவிட்டுவிட்டு ஊழியத்துக்கு ஓடுகிறவர் மறுவாரம் இன்னொருவருக்குப் பாரமாகிறார்.

நான் செய்வது உண்மையிலேயே தியாகமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதன் செலவு யார் கணக்கில் விழுகிறது என்று பாருங்கள். தூக்கம் யாருடையது, பணம் யாருடையது, முதுகுவலி யாருக்கு என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டால் பதில் வந்துவிடும்.

இரவு ஒன்பதரை மணிக்கு ஜெபக்கூட்டம் முடிந்து நான்கு பேரை வீட்டுக்கு அழைத்து வந்து, “சாப்பிட்டுட்டுத்தான் போகணும்” என்று ஹாலில் உட்கார்ந்தபடி அன்போடு வற்புறுத்துகிறார் வீட்டுக்காரர். உள்ளே மாவு தீர்ந்த பாத்திரத்தை வழித்து, ரவையை வறுக்க ஆரம்பிப்பவர் அவர் மனைவி. மறுநாள் காலை ஐந்து மணிக்கு மெட்ரோ வாட்டர் வரும்போது எழுந்து மோட்டார் போட வேண்டியவரும் அவரே. விருந்தோம்பலின் பெயர் ஒருவருக்கு, விலை இன்னொருவருக்கு.

தாவீது இதைச் சரியாகப் புரிந்துகொண்டவன். அர்வனா தன் களத்தையும் மாடுகளையும் சும்மாவே தருகிறேன் என்றபோது, இலவசமாய் வாங்கிப் பலி செலுத்தமாட்டேன் என்று சொல்லி, ஐம்பது வெள்ளிச் சேக்கல் கொடுத்து வாங்கினான் (2 சாமுவேல் 24:24). விருந்தாளியை அழைப்பதற்கு முன் வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். “முடியாது” என்று பதில் வந்தால் ஓட்டலில் பார்சல் வாங்குங்கள். பாத்திரத்தை நீங்களே கழுவுங்கள்.

வேறு சில இடங்களிலும் கணக்கு இப்படி மாறிப்போகிறது. ஊழியத்துக்காக அலுவலக நேரத்தை எடுத்துக்கொள்வதில் செலவு பக்கத்து மேசைக்காரருக்கு. குடும்பத்தைக் கேட்காமல் நகையை வைத்துக் கட்டட நிதிக்குக் கொடுப்பதில் செலவு மகளுக்கு. பண்டிகைக்கு முந்தின நாள் வீட்டு வேலை செய்யும் அக்காவை இரவு எட்டு மணி வரை நிறுத்தி, ஏழைகளுக்கான பொட்டலம் கட்டவைப்பதும் இதே வகைதான்.

தசமபாகம், காணிக்கை, ஏழைகளுக்கு உதவி, வீட்டுச் செலவு: எது முதலில்?

இதில் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. வேதம் தெளிவாகப் பேசும் இரண்டு இடங்களை மட்டும் சொல்கிறோம்.

முதலாவது, ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி உங்கள் பணமே அல்ல. கூலிக்காரனின் கூலியை அன்றைய பொழுது சாயுமுன் கொடுத்துவிடச் சொல்கிறது உபாகமம் 24:15. “அவன் ஏழையும் அதின்மேல் ஆவலுமாயிருக்கிறான்” என்று காரணமும் தருகிறது. வீட்டு வேலைக்கு வருகிறவர், வாட்ச்மேன், கார் துடைக்கிற பையன், பால்காரர், அண்ணாச்சி கடைப் பற்று ஆகியவற்றை முடித்த பிறகு மிஞ்சுவதிலிருந்துதான் தர்மம் ஆரம்பிக்கிறது. சம்பள நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் சனிக்கிழமையே கொடுங்கள். “ஏடிஎம்ல பணம் இல்லம்மா, நாளைக்கு வாங்கிக்கோ” என்பது உங்களுக்கு ஒரு நாள். அவருக்கு அது வட்டி ஏறும் ஒரு நாளாக இருக்கலாம்.

இரண்டாவது, பெற்றோர். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிக் கழித்துவிடுகிறவர்களை இயேசு கடுமையாகக் கண்டித்தார் (மாற்கு 7:11-13). சொந்த வீட்டாரை விசாரியாதவன் “அவிசுவாசியிலும் கெட்டவன்” என்கிறது 1 தீமோத்தேயு 5:8. தகப்பனாரின் கண்புரை அறுவைக்குப் பணமில்லை என்று சொல்லிவிட்டு, புதிய ஒலிபெருக்கிக்கு நன்கொடை கொடுத்துப் பலகையில் பெயர் வாங்குவது எந்தச் சபையிலும் சரியாகாது. கட்டாயப்படுத்திக் கேட்கிறவரிடம் 2 கொரிந்தியர் 9:7-ஐக் காட்டுங்கள். “விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல” என்று அங்கே இருக்கிறது. கொடுத்தால் பத்து மடங்கு திரும்ப வரும் என்று யாராவது ஆசை காட்டினால், அங்கே பிறர் நலனுக்கு இடமே இல்லை. அது முதலீட்டு விளம்பரம்.

சபையில் ஒருவர் வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து கேட்கிறார். மறுத்தால் அன்பில்லாதவன் ஆகிவிடுவேனா?

ஆக மாட்டீர்கள். நீதிமொழிகள் 6:1-5, 22:26-27 இரண்டும் பிணைப்படுவதைப் பற்றி நேரடியாக எச்சரிக்கின்றன. சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு. முதலில் அவரிடம் வசூலித்துப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்குக் கிடையாது. அவர் தவணை கட்டத் தவறினால் உங்கள் கடன் மதிப்பெண்ணும் சரியும். நாளைக்கு உங்கள் பிள்ளையின் கல்விக் கடன் விண்ணப்பத்தில் அது வந்து நிற்கும். “சும்மா ஒரு கையெழுத்துதானே பிரதர்” என்பது உண்மையல்ல.

வேதம் நன்கு தெரிந்தவர் இங்கே ஒரு கேள்வி போடுவார்: பவுலே பிலேமோனின் அடிமை ஒநேசிமுக்காக ஜாமீன் நிற்கவில்லையா? நின்றார். “அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும் … நானே அதைச் செலுத்தித் தீர்ப்பேன்” என்று பிலேமோனுக்குத் தம் கைப்பட எழுதினார். ஆனால் அங்கே புதிதாக ஒரு கடன் வாங்கப்படவில்லை. ஏற்கெனவே ஏதாவது பாக்கி இருந்தால் அதைத் தாமே கட்டுவதாகத்தான் ஏற்றார். யாருடைய பெயரையும் இழுக்கவில்லை. இதே நிபந்தனைகள் உங்களுக்கும் பொருந்தினால் தாராளமாகச் செய்யுங்கள். தொகை தெரிந்திருக்க வேண்டும், முழுத் தொகையையும் நீங்களே கட்டும் வசதி இருக்க வேண்டும், வீட்டில் சம்மதம் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

மறுக்கும்போது சாக்குச் சொல்லாதீர்கள். “யோசிச்சு சொல்றேன்” என்று மூன்று வாரம் இழுத்தடித்தால் அவர் வேறு வழியும் தேடாமல் காத்திருப்பார். அன்றைக்கே சொல்லுங்கள்: “அண்ணே, ஜாமீன் போட மாட்டேன். இந்த ஐயாயிரம் என்னால முடிஞ்சது. திருப்பித் தர வேண்டாம்.” கைமாற்றாகக் கொடுப்பதானால், வராமல் போனாலும் உறவு கெடாத தொகையை மட்டும் கொடுங்கள். தேதி, தொகை போட்டு ஒரு தாளில் இருவரும் கையெழுத்திடுங்கள். அது அவநம்பிக்கைக்காக அல்ல. எவ்வளவு வாங்கினோம் என்பதிலேயே இரண்டு வருடத்தில் இருவருக்கும் நினைவு வேறாகிவிடும்.

கந்துவட்டியில் சிக்கியவருக்கு வட்டி கட்டப் பணம் கொடுக்காதீர்கள். அது நேரே வட்டிக்காரர் பைக்குத்தான் போகும். அசல் எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு என்று எழுதி எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரிடம் அழைத்துப்போங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் இதற்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. கூடப் போய் நிற்பதுதான் இங்கே உதவி.

மருத்துவமனையில் இருப்பவரைப் பார்க்கப் போகிறோம். என்ன கொண்டுபோகலாம்?

நான்கு மணி நேரம் கொண்டுபோங்கள். மற்றதெல்லாம் பிறகு.

ஜி.எச்., ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை போன்ற அரசு மருத்துவமனைகளில் நோயாளிக்குக் கட்டிலும் சாப்பாடும் உண்டு. கூட இருப்பவருக்கு இரண்டும் இல்லை. பொதுவாக ஒரு நோயாளிக்கு ஒரு ஆளைத்தான் உள்ளே விடுவார்கள். அந்த ஒருவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாயைப் போட்டுப் படுத்து, ஸ்கேன் சீட்டைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக அலைந்து, டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் நேரத்தில் எங்கேயும் போகாமல் காத்திருப்பார். அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், பொங்கல் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய்தான். ஆனால் அந்த வரிசையில் நிற்க வார்டை விட்டு இறங்கி வர வேண்டுமே! அவருக்குக் காசைவிடக் கால் மணி நேரம் பெரிது.

ஆகவே ஆறு பேராகக் கும்பலாகப் போய், அவரும் எழுந்து நின்று உங்களை உபசரிக்கும்படி செய்யாதீர்கள். ஒருவர் மட்டும் போங்கள். போவதற்கு முன் அவரிடமே கேளுங்கள், “எப்ப வந்தா நீங்க வீட்டுக்குப் போய்க் குளிச்சுத் தூங்கிட்டு வரலாம்?” பெண்கள் வார்டுக்கு ஒரு பெண்ணை அனுப்புங்கள். கூட இருப்பவர் கிளம்புவதற்கு முன் அவரிடம் நான்கு விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: அடுத்த மாத்திரை எத்தனை மணிக்கு, வாய்வழியாக என்ன கொடுக்கலாம் கொடுக்கக் கூடாது, எந்த ரிப்போர்ட் வர வேண்டியிருக்கிறது, அவசரமென்றால் யாரைக் கூப்பிடுவது. டிரிப்ஸ் பாட்டில் தீருமுன் நர்ஸிடம் சொல்லுங்கள். நீங்களே அதைத் தொடாதீர்கள்.

பொருளாகக் கொடுப்பதானால் பாய், பிளாஸ்க், நீளமான ஒயருள்ள சார்ஜர், சோப்பு, டம்ளர், மூடியுள்ள தூக்குவாளியில் கூட இருப்பவருக்குச் சாப்பாடு. ஹார்லிக்ஸ் பாட்டிலும் திராட்சையும் பழக்க தோஷத்தில் வாங்குவது. சர்க்கரை நோயாளிக்கும், சிறுநீரகக் கோளாறுக்காகப் பழம் தவிர்க்கச் சொல்லப்பட்டவருக்கும் அவை தொல்லை.

ஜெபிக்கலாமா என்று நோயாளியிடம் கேளுங்கள். ஆம் என்றால் இரண்டு நிமிடம், அவர் காதில் விழுமளவு குரலில் போதும். அடுத்த கட்டிலில் இருப்பவர் நாலு நாளாகத் தூங்காதவராக இருக்கலாம். வியாதிக்குக் காரணம் இன்ன பாவம் என்று ஆராய்ச்சி செய்யப் போகிறவர் வீட்டிலேயே இருப்பது நல்லது. யோபுவின் நண்பர்கள் வாய் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்த முதல் ஏழு நாட்கள்தான் சரியாக நடந்துகொண்டார்கள்.

இன்னொன்றும் செய்யலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை அந்தக் குடும்பத்துக்கு இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் சிகிச்சை பெறலாம். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் வேண்டும். சான்றுக்கு அலைய ஒரு ஆள் கிடைத்தால் அந்தக் குடும்பத்துக்கு அதுவே பெரிய உபகாரம்.

ரத்தம் கொடுக்க யார் தகுதி?

வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை. வாட்ஸ்அப்பில் செய்தி வந்ததும் வாலிபர் சங்கத்தில் இருபது பேரும் ஒரே நாளில் ஓடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஐந்து நாளுக்கு மேல் தாங்காது. அடுத்த வாரம் இன்னொருவருக்குத் தேவைப்படும்போது கொடுக்கத் தகுதியுள்ளவர் யாரும் மிஞ்ச மாட்டார். பெயர், வகை, கடைசியாகக் கொடுத்த தேதி என மூன்று பத்தி போட்ட ஒரு நோட்டு போதும். ஒருவர் அதைப் பார்த்து ஆள் அனுப்ப வேண்டும்.

கைப்பிடி அரிசி காணிக்கை இந்தக் காலத்திலும் உபயோகமா?

உபயோகம்தான், கணக்குத் தெரிந்து செய்தால். சமைக்க அரிசி அளக்கும்போது ஒரு கைப்பிடியைத் தனி டப்பாவில் போடுவது பல சபைகளில் பெண்கள் நடத்திவந்த வழக்கம். மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910-இல் தொடங்கிய இதே காணிக்கை இன்றும் அங்கே ஊழியங்களைத் தாங்குகிறது. ஒரு கைப்பிடி சுமார் 40 கிராம். இரண்டு வேளைக்கு 80 கிராம். மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ. பத்து வீடு சேர்ந்தால் 25 கிலோ சிப்பம் ஒன்று.

இங்கேதான் நோக்க வேண்டும். சென்னையில் அரிசி அட்டை உள்ள குடும்பத்துக்கு ரேஷனில் அரிசி இலவசமாகவே கிடைக்கிறது. அவர்களுக்கு இடிப்பது வாடகை, சிலிண்டர், பிள்ளையின் வேன் கட்டணம், மாத்திரை. பல ரக அரிசியும் கலந்து போன சிப்பத்தைக் கொண்டுபோய் இறக்கினால், நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு இட்லி மாவுக்குப் போடுவார்கள். அரிசியைச் சபைக்குள்ளேயே விற்றுப் பணமாக்கி, துவரம்பருப்பும் எண்ணெயும் வாங்கிக் கொடுங்கள். அல்லது இயேசு சொன்ன உவமையில், அடிபட்டுக் கிடந்தவனைச் சத்திரத்தில் சேர்த்த நல்ல சமாரியன் செய்ததுபோலச் செய்யலாம். அவன் சத்திரக்காரன் கையில் இரண்டு பணத்தைக் கொடுத்து, மேற்கொண்டு ஆனால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். ஒரு பணம் அன்றைக்கு ஒரு நாள் கூலி. நீங்கள் மருந்துக் கடையிலோ அண்ணாச்சி கடையிலோ அந்தக் குடும்பத்தின் பற்றை நேரில் கட்டி, யார் கட்டியது என்று சொல்ல வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரிசியையே கொடுப்பதென்றால் வண்டு வராமல் இருக்க டப்பாவில் இரண்டு காய்ந்த மிளகாயோ வேப்பிலையோ போட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை காலி செய்யுங்கள். பச்சரிசி, புழுங்கலரிசி தனித்தனியாக.

பொட்டலத்துக்குள் ஒரு சுவிசேஷக் கைப்பிரதி வைக்கலாமா?

எங்கள் பதில்: வேண்டாம். இயேசு பத்துக் குஷ்டரோகிகளைச் சுத்தமாக்கினார். திரும்பி வந்தவன் ஒருவன். மற்ற ஒன்பது பேரின் சுகத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பசியோடிருப்பவர் கைப்பிரதியை மறுக்கும் நிலையில் இல்லை. மறுக்க முடியாதவரிடம் நீட்டுவது அவர் நலனை நோக்குவதாகாது. பிறகு அவரே “ஏன் செய்றீங்க?” என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

உதவி செய்யும்போது போட்டோ?

வாங்குகிறவர் முகம் வரக் கூடாது. நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டுமென்றால் கடை ரசீதைப் படம் எடுங்கள். “உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது” என்ற வசனத்தை வாசித்துவிட்டு அதே பொட்டலத்தை ஃபேஸ்புக் லைவில் கொடுக்கிறோம்.

வெள்ளம் வந்தால்?

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்த ஊர் நிறையக் கொடுத்தது. நிறைய வீணாக்கவும் செய்தது. முதல் இரண்டு நாள் அடுப்பு தண்ணீரில் இருக்கும். அப்போது அரிசி, பருப்பு பயனில்லை. குடிதண்ணீர், பால் பவுடர், பிரட், பிஸ்கட், மெழுகுவத்தி, தீப்பெட்டி, சானிட்டரி நாப்கின், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க் வேண்டும். சாப்பாட்டுப் பொட்டலம் என்றால் புளிசாதம் தாங்கும். சூட்டோடு கட்டிய சாம்பார் சாதம் படகு போய்ச் சேருமுன் ஊசிவிடும். தண்ணீர் வடிந்த பிறகு பிளீச்சிங் பவுடர், துடைப்பம், ரப்பர் பூட்ஸ், பாய், போர்வை, புதிய உள்ளாடை. பழைய துணி மூட்டை வேண்டவே வேண்டாம். பிரிக்க ஆளில்லாமல் மண்டபத்தில் நனைந்து நாறும். காலில் புண் உள்ளவரைத் தண்ணீரில் இறக்காதீர்கள், எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு.

வண்டி மெயின் ரோட்டில் நிற்பதுதான் பெரிய கோளாறு. ரோட்டோர வீட்டுக்கு ஐந்து பொட்டலம், கடைசிச் சந்துக்கு ஒன்றுமில்லை. உட்கோடியிலிருந்து ஆரம்பித்து ரோட்டை நோக்கி வாருங்கள். தமிழ் தெரியாத வடமாநிலத் தொழிலாளர் தங்கியிருக்கும் ஷெட்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எருசலேம் சபையிலேயே இது நடந்தது. கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட உணவுப் பங்கீட்டில் விடுபட்டார்கள். அப்போஸ்தலர் ஏழு பேரைப் பொறுப்பில் வைத்தார்கள். ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை ஏழும் கிரேக்கப் பெயர்கள் (அப்போஸ்தலர் 6). குறை சொன்ன பக்கத்தவர் கையிலேயே கரண்டியைக் கொடுத்தார்கள் போலும். நம் நிவாரணக் குழுக்களுக்கு அது இன்னும் எட்டாத தைரியம்.

கணவர் அடிக்கிறார். “பொறுத்துப் போம்மா, சிலுவையைச் சுமக்கணும்” என்கிறார்கள். அதுதான் விசுவாசமா?

இல்லை. இயேசு தம் ஜீவனைத் தாமே கொடுத்தார். ஒருவரும் அதைத் தம்மிடத்திலிருந்து பறிக்கவில்லை என்றும் சொன்னார் (யோவான் 10:18). அடி வாங்குகிறவரிடமிருந்து பறிக்கப்படுகிறது. இரண்டும் ஒன்றல்ல. எபேசியர் 5-இல் தன்னை ஒப்புக்கொடுக்கச் சொல்லப்பட்டவன் புருஷன். மேலும், அடிப்பவரின் நலனும் அவர் தொடர்ந்து அடிப்பதில் இல்லை.

உடனே செய்ய வேண்டியது: 181 பெண்கள் உதவி எண், ஆபத்து என்றால் 112. காயத்துக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்று, எப்படி ஏற்பட்டது என்பதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி, வீடு கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருந்தாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமை கேட்கலாம். பாதுகாப்பு அலுவலர் மூலம் மனு கொடுக்கலாம். ஆதார், குழந்தைகளின் பிறப்புச் சான்று, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகலை நம்பகமான ஒருவர் வீட்டில் வையுங்கள். சமரசம் பேச வருகிற மூப்பர் எவராக இருந்தாலும், பாதுகாப்பு உறுதியான பிறகு வரட்டும். அதற்கு முன் ஒரே மேசையில் உட்கார வைப்பது அவரை மறுபடி அடிக்கு அனுப்புவது.

“முடியாது” என்று சொல்லலாமா?

கப்பர்நகூமில் எல்லாரும் தேடுகிறார்கள் என்று சீமோன் வந்து சொன்னபோது, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றார் இயேசு (மாற்கு 1:37-38). அப்போஸ்தலருக்குச் சாப்பிடவும் நேரமில்லாதபோது தனித்துப்போய்ச் சற்றே இளைப்பாறச் சொன்னார் (மாற்கு 6:31). சொல்லலாம்.

படுக்கையில் விழுந்த பெற்றோரைப் பார்க்கும் வீடுகளில் இது அவசியமாகிறது. பெரும்பாலும் ஒரு மருமகளோ திருமணமாகாத மகளோ முழுப் பாரத்தையும் சுமப்பார். மற்றவர்கள் அவரைப் பாராட்டுவார்கள், பாராட்டே பூட்டாகிவிடும். வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள்: குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கொரு தடவை திருப்பிப் படுக்கவைப்பது, மருந்து, இரவுக் காவல், ஆஸ்பத்திரி, பணம். ஒவ்வொன்றுக்கும் எதிரே பெயர் போடுங்கள். ஒரே பெயர் ஐந்து இடத்தில் வந்தால் தாளைக் குடும்பக் குழுவில் போடுங்கள், விளக்கம் தேவைப்படாது. துபாயிலிருந்து பணம் அனுப்புகிற தம்பியின் பங்கும் பங்குதான். ஆனால் அந்தப் பணம் ஓர் இரவு நர்ஸாக மாற வேண்டும். பார்த்துக்கொள்பவருக்கு வாரத்தில் ஒரு முழு இரவுத் தூக்கம் என்பதைக் குறைந்தபட்சமாக வையுங்கள். மனம் தாங்கவில்லையென்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இது தனி மனிதருக்கு மட்டுமா, சபைகளுக்கும் உண்டா?

1947 செப்டம்பர் 27-இல் நம் ஊர் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உருவானதைப் பாருங்கள். பிஷப் முறையே இல்லாத பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் பின்னணியினர் பிஷப்பை ஏற்றார்கள். ஆங்கிலிக்கன் தரப்பு, மற்றச் சபைகளில் ஏற்கெனவே அபிஷேகம் பெற்ற போதகர்களுக்கு மறுபடி அபிஷேகம் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தது. பல வருடப் பேச்சுவார்த்தை. இரு தரப்புக்கும் இழப்பு இருந்தது, இழப்பு அவரவர் கணக்கிலேயே எழுதப்பட்டது. இன்று சபைத் தேர்தல் முடிவுக்கு நீதிமன்ற வாசலில் காத்திருப்பவர்கள் ஒரு முறையாவது அந்தக் கட்டடத்துக்குள் போய்ச் சற்று உட்கார்ந்து வரலாம்.

கிறிஸ்தவர் அல்லாத அக்கம்பக்கத்தாருக்கு ஒரு சபை உடனடியாகச் செய்யக்கூடியது என்ன?

ஞாயிறு காலை அவர்கள் கேட்டுக்கு முன்னால் வண்டி நிறுத்தாமல் இருப்பது. முதல் ஆராதனை முடிகிற நேரத்துக்கும் இரண்டாவது தொடங்குகிற நேரத்துக்கும் இடையே அரை மணி விட்டால் பாதி நெரிசல் குறையும். இரண்டு வாலிபர் தெருமுனையில் நின்று, வரும் கார்களை இடமுள்ள தெருவுக்குத் திருப்பிவிட வேண்டும். யாருடைய காராவது வழியை மறித்தால், வண்டி எண்ணைச் சொல்லிப் பிரசங்கத்தின் நடுவிலும் அறிவிக்கலாம், தப்பில்லை. பெட்டி ஸ்பீக்கரைத் தெருப் பக்கம் திருப்பாதீர்கள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது விதி. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. முழு இரவு ஜெபம் இருந்தால் மைக்கை அணைத்துவிட்டு ஜெபியுங்கள். எதிர் வீட்டில் பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தால் பாட்டையும் சற்றுத் தாழ்த்திப் பாடுங்கள்.